சேவலின் வாலில் மூன்று ஓட்டைகள்

5 மார்ச் 2024, செவ்வாய்

இன்றிலிருந்து நான் கோயில் பொறுப்பாளர். கடைசியாக நான் பூசைக்குப் போனது என் கல்யாணத்தன்று.

நடந்தது இதுதான். ஊர்மன்றக் கூட்டத்தில் ஏழாவது விஷயமாகக் கோயில் பழுதுபார்ப்பு வந்தது. அதற்குள் ஆறு விஷயம், இரண்டு சுற்றுக் காப்பி. எனக்கு அறுபத்தேழு வயது. எழுந்து கழிப்பறைக்குப் போனேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள்.

"ரெஜிஸ், ஏகமனதா உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம்" என்றார் மேயர் மிரேய். அறுபது மாடு வைத்து மேய்க்கிற அம்மாள். மனிதர்களையும் அதே மாதிரிதான் ஓட்டுவார். "முப்பத்தஞ்சு வருஷம் வீடு வீடா தபால் குடுத்திருக்கீங்க. கோயில் கதவு எந்தப் பக்கம்னாவது உங்களுக்குத் தெரியும்."

ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் கட்டிய கத்தோலிக்கக் கோயில். பிரெஞ்சுச் சட்டப்படி அது ஊருக்குச் சொந்தம். சாமி பாதருக்கு, கூரை நமக்கு. ஒழுகினால் இனி என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

6 மார்ச்

தட்டிவிட்டார்கள். ஒழுகுகிறதாம்.

19 மார்ச், செவ்வாய்

அரசாங்கத்தின் கட்டடக் கலைஞர் வந்தார். பெயர் தெல்ப்ரா. நல்ல தோல் காலணி. எங்கள் ஊர்ச் சேற்றில் அதைப் பார்த்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை.

முதலில் சுவரைப் பார்த்தார். இரண்டு பக்கச் சுவரும் வெளியே சாய்ந்திருக்கின்றன. முதலில் மரக்கூரைக்காகக் கட்டிய சுவர்களாம். நூறு வருடம் கழித்து யாரோ ஆசைப்பட்டு மேலே கல் வளைவை ஏற்றிவிட்டார்கள். அந்த வளைவு அன்றிலிருந்து சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிறகு பயந்துபோய் வெளியிலிருந்து முட்டுச்சுவர் வைத்திருக்கிறார்கள். "எழுநூறு வருஷமா சாயுது. அவசரமில்ல" என்றார். ஆறுதலாக இருந்தது.

பிறகு வெளிப்பூச்சை நகத்தால் சுரண்டினார். முகம் மாறிவிட்டது.

"சிமெண்டு" என்றார். "சுண்ணாம்புச் சாந்து வச்சுக் கட்டின கல்லு இது. மூச்சு விடணும். நீங்க அதுக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டிருக்கீங்க. உள்ள பூரா வேர்த்து ஊத்துது. யார் பண்ணினது?"

நாங்கள் எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தோம். 1962இல் ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பா, மேயரின் தாத்தா, என் மாமனார் அனிஸே மூன்று பேரும் சேர்ந்து குழைத்துப் பூசிய சிமெண்டு அது. பெருமையாகப் படம்கூட எடுத்து வைத்திருக்கிறார்கள். "ரொம்ப நாளைக்கு முந்தி" என்றார் மேயர்.

கடைசியில் கோபுரம். உள்ளே மரச்சட்டம் இற்றுப்போயிருக்கிறது. மேலே வேய்ந்த செஸ்ட்நட் மரச் சில்லுகளில் பாதியை மரங்கொத்தி தின்றுவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். தெல்ப்ரா அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "உச்சியில காத்துக்குச் சுத்தற செப்புச் சேவலையும் இறக்கியாகணும்."

நான் மட்டும் மேலே பார்க்கவில்லை.

இதை எழுதலாமா? என் மனைவி ஒதில் படிக்க மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் கையெழுத்து அவளுக்குப் புரிந்ததில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

அந்தச் சேவலைச் சுட்டது நான்.

1976 நவம்பர். எனக்குப் பத்தொன்பது வயது. ஒதிலின் வீட்டுக்கு முதல்முறையாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அப்பா அனிஸே, "வேட்டைக்குப் போறியாமே, சட்டிக்கு ஏதாவது கொண்டா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாள் முழுக்கச் சுற்றினேன். ஒரு முயல் இல்லை, ஒரு புறா இல்லை. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்து அழாத குறையாக மேலே பார்த்தேன். மேலே ஒரு பறவை இருந்தது. சுட்டேன். டங் என்றது. ஓடிவிட்டேன். மறுநாள் அண்ணனின் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தால் வாலில் மூன்று வெளிச்சப் புள்ளிகள். அன்று இரவு வெறுங்கையோடுதான் போனேன். நல்ல வேளை, அவர்கள் வீட்டில் முயல் குழம்பு இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. 1983இல் கூரைக்காரர்கள் மேலே ஏறி, சேவல் உடம்பில் ஓட்டைகள் இருக்கின்றன என்று கத்தினார்கள். ஊரே யார் யார் என்று கேட்டது. அப்போதுதான் அனிஸே — அதற்குள் என் மாமனார் — ஞாபகப்படுத்திக்கொண்டார். 1944 ஜூன். அவருக்குப் பதினொரு வயது. ஜெர்மன் படை ஊர் வழியாகப் போனது. ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டே சேவலைச் சுட்டான். சேவல் விழவில்லை.

ஊரே அழுதது. கதவுக்குப் பக்கத்தில் வெண்கலப் பலகை வைத்தார்கள். நாற்பது வருடமாக, போர் முடிந்த நாளான ஒவ்வொரு மே எட்டாம் தேதியும் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். பக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

சேவல் கீழே வந்தால் தொண்ணூற்றொரு வயதுக் கிழவர் ஊர் முன்னால் பொய்யர் ஆவார். நான் கோயில் சேவலைச் சுட்டவன் ஆவேன். ஒதில் இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டை விட்டுத் துரத்துவாள்.

11 ஏப்ரல், வியாழன்

சேவல் இறங்கியது. கூரைக்கார மேஸ்திரி லூபோ அதை முதுகில் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏணி ஏணியாக இறங்கி வந்தார். மேலே இருக்கும்போது புறா அளவு. கீழே வந்தால் ஆட்டுக்குட்டி அளவு. இவ்வளவு அசிங்கமான சேவலை நான் பார்த்ததில்லை. ஒரு கண் நெற்றியில் இருக்கிறது.

ஊரே திரண்டு நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாமனார் தடியை ஊன்றி வந்து அதன் முதுகைத் தடவினார். மேயர் மூக்கைச் சிந்தினார். எண்ணிப் பார்த்தோம்: பத்தொன்பது ஓட்டைகள்.

பத்தொன்பது? என் கணக்கில் மூன்று. மீதி எங்கிருந்து வந்தது?

பட்டறைக்குக் கொண்டுபோகச் செப்பு வேலைக்காரி செவ்ரின் வந்திருந்தாள். நகரத்துப் பெண், கை இரண்டும் உலக்கை. வண்டியில் ஏற்றும்போது சேவலைக் குலுக்கினாள். உள்ளே கலகலவென்று உருண்டது.

"உள்ள என்னவோ இருக்கு" என்றாள்.

நான் இருமினேன். வேறு என்ன செய்ய? "காக்காக் கூட்டுக் குப்பையா இருக்கும்" என்றேன். மறுபடி குலுக்கினாள். மறுபடி இருமினேன். மூன்றாம் தடவை குலுக்கியபோது பேக்கரிக்காரரின் விதவை மதாம் போனே ஓடிப்போய் எனக்குத் தேன் கொண்டுவந்தார்.

12 ஏப்ரல்

ஒதில் இருமல் மருந்து வாங்கி வைத்திருக்கிறாள். வேளைக்கு இரண்டு கரண்டி. குடித்தாக வேண்டும்.

8 மே, புதன்

விழா. கோபுரம் சாரத்துக்குள் மூடிக்கிடக்கிறது, உச்சியில் சேவல் இல்லை. அதனாலேயே கதைக்கு இன்னும் மவுசு கூடிவிட்டது. மாமனார் தடியால் வெறும் வானத்தைக் காட்டிச் சொன்னார். போன வருடம் இரண்டு லாரி, மூன்று டாங்கி. இந்த வருடம் லாரிகளைக் காணோம். ஐந்து டாங்கி.

நான் கொடியோடு நின்றேன். முடிந்ததும், "கொடியை நேரா பிடி, தபால்காரா" என்றார். நாற்பத்தைந்து வருடமாக என்னை மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டதே இல்லை. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் தபால்காரன்.

30 மே, வியாழன்

செவ்ரின் போன் செய்தாள். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. தனியா வாங்க."

சேவலின் வயிற்றுத் தையலைப் பிரித்திருந்தாள். மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு. அதில் ஈய ரவைகள். கைப்பிடி அளவு இருக்கும்.

"எங்க அப்பா வேட்டைக்காரர்" என்றாள். "இது புறாவுக்கு. இது முயலுக்கு. இந்தப் பெரிசு காட்டுப்பன்னிக்கு. இது என்னன்னே தெரியல, வீட்டுலயே உருக்கி ஊத்தினது. ஏன் சார், ஜெர்மன்காரங்க முயல் வேட்டைக்கா வந்தாங்க?"

உட்கார்ந்துவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். ஒரு கிழவர், அவர் மானம், ஒரு வெண்கலப் பலகை, என் மனைவி. எல்லாம் குழறலாக வந்தது. நான் சுட்டதை மட்டும் சொல்லவில்லை.

அவள் தண்ணீர் கொடுத்தாள். "நான் செம்பு வேலை பாக்கறவ. சரித்திரம் வேற ஆளுங்க வேலை. ஆனா அறிக்கையில பொய் எழுத மாட்டேன்." யோசித்துவிட்டு எழுதினாள்: உள்ளே பலவகைச் சிறு உலோகப் பொருள்கள் காணப்பட்டன. ரவைகளை ஒரு ஜாம் பாட்டிலில் கொட்டி என் கையில் கொடுத்துவிட்டாள்.

வழியெல்லாம் ஒரே யோசனை. நான் போட்டது முயல் ரவை மட்டும்தான். மற்ற மூன்று வகை யாருடையது?

2 ஜூன், ஞாயிறு

பாட்டிலை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது என் முட்டாள்தனம். ஒதில் மாவு எடுக்காமல் என்ன செய்வாள்?

சமையலறைக்குப் போனால் அடுப்பில் பழ டார்ட்டுக்கான மாவுத் தட்டு வேகிறது. காலிப் பாட்டில் மேசையில். "ஏங்க, மாவு உப்பி வராம இருக்க மேல பரப்புற குண்டுதானே இது?" என்று கேட்கிறாள். "கடையில இதுக்குன்னே விக்கறாங்க, இத்தனை வருஷமா நான் பட்டாணியைப் போட்டே ஓட்டிக்கிட்டிருக்கேன். நீங்களா யோசிச்சு வாங்கினீங்க? பரவாயில்லையே."

நாற்பத்தைந்து வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது இது மூன்றாவது தடவை. அந்த நேரம் பார்த்து நான் அடுப்பைத் திறந்து, ஈயம் பரப்பிய டார்ட்டை எடுத்து, தரையில் போட்டேன். கை தவறியதாகச் சொன்னேன். தவறவில்லை. தூக்கித்தான் போட்டேன். இல்லாவிட்டால் எல்லோரும் ஈய விஷத்தைத் தின்றிருப்போம்.

ரவைகள் சமையலறை முழுக்க உருண்டன. ஒன்று மாமனாரின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து அதை எடுத்தார். அவர் குனிவதற்கு ஒரு நிமிடம் ஆகும், நிமிர இன்னொரு நிமிடம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பார்சலைக் கீழ போடாதவன்" என்றார். ரவையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

பார்த்தாரா? புரிந்ததா? ஒன்றும் தெரியவில்லை. ஒதில் விளக்குமாற்றை என் கையில் கொடுத்தாள்; ரவைகளைப் பொறுக்கி மறுபடி பாட்டிலில் அடைத்தேன்.

20 ஜூன், வியாழன்

தெல்ப்ராவிடமிருந்து கடிதம். மூன்று பக்கம். சுருக்கம் இது: காலத்தின் தடயத்தை அழிக்கக் கூடாது. போரில் விழுந்த ஓட்டைகள் வரலாறு, அவை அப்படியே இருக்க வேண்டும். மற்றவை சேதம், அவற்றை அடைத்துவிட வேண்டும். பத்தொன்பதில் எது வரலாறு, எது சேதம் என்று நேரில் கண்ட சாட்சி அடையாளம் காட்ட வேண்டும்.

நேரில் கண்ட சாட்சி என் வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

அவரை எழுப்பிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "காட்டிட்டாப் போச்சு" என்றார். மறுபடி தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

4 ஜூலை, வியாழன்

பட்டறையில் எல்லோரும் வரிசையாக நின்றோம்: தெல்ப்ரா, மேயர், செவ்ரின், நான். நடுவில் மேசைமேல் சேவல். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்றைக் காட்டப் போகிறார், அது காட்டுப்பன்னி ரவை என்று தெல்ப்ரா கண்டுபிடிக்கப் போகிறார், கிழவர் மானம் போகப் போகிறது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சேவலை ஒரு சுற்றுச் சுற்றினார். கழுத்தில் உள்ளதை விட்டார். மார்பை விட்டார். நேராக வாலுக்கு வந்து, தடி நுனியால் மூன்று ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது. இது. இது."

"நிச்சயமாவா, ஐயா?" என்றார் தெல்ப்ரா.

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

தெல்ப்ரா நெகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். மேயர் மூக்கைச் சிந்தினார். செவ்ரின் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

பத்தொன்பதில் மூன்று. அந்த மூன்று. என்னுடைய மூன்று!

ஆக இன்றிலிருந்து அரசாங்கக் கோப்பில் ஜெர்மன் ராணுவம் நான்தான்.

5 ஜூலை

எப்படி அந்த மூன்றைத் தொட்டார்? தற்செயல்தான். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

9 ஆகஸ்ட், வெள்ளி

கோயிலின் சிமெண்டை உரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறக் கல் வந்திருக்கிறது. இத்தனை வருடம் இதற்குப் பக்கத்தில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. வாசல் தூணின் உச்சியில் கல்லில் செதுக்கிய இரண்டு குரங்குகள் ஒன்றன் தாடியை ஒன்று இழுக்கின்றன. எண்ணூறு வருடமாக இழுக்கின்றன. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பொறுப்பாளர் என்ற முறையில் ஆய்வு செய்ததாக ஒதிலிடம் சொன்னேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

தலை வெடிக்கிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். நேற்று சேவல் ஊர்வலம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. சேவல் மேலே ஏறுவதற்கு முன் கூரைக்காரர்கள் அதற்கு ரிப்பன் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சேவலை மேசைமேல் வைக்க வேண்டும், வீட்டுக்காரர் அதைத் தொட வேண்டும், எல்லோரும் ஒரு கோப்பை குடிக்க வேண்டும். மேலே போய்விட்டால் பிறகு ஒரு தலைமுறைக்கு யாரும் தொட முடியாது. கோயில் பொறுப்பாளர் கூடவே போக வேண்டும். எந்த வீட்டிலும் மறுக்கக் கூடாது. இருபத்து மூன்று வீடு.

முதல் வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது மதாம் போனே வீடு. எண்பது வயது. சேவலின் கழுத்தைத் தடவினார். செவ்ரின் அங்கே அடைத்த இடம் பளபளவென்று இருந்தது.

"இதை அடைச்சிட்டாங்களா" என்றார் ஏக்கத்தோடு. லூபோவும் ஆட்களும் அந்தப் பக்கம் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னார்: "தம்பி, இது என்னோடது. அறுபத்தெட்டுல. என் வீட்டுக்காரரோட பெரிய சண்டை. கையில துப்பாக்கி. அவரைச் சுடறதா சேவலைச் சுடறதான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சேவல் பாவம்."

நான் என் கோப்பையைக் காலி செய்தேன்.

நாலாவது வீடு, ஓய்வு பெற்ற போலீஸ்காரர் தெனி. முதுகில் இருந்த அடைப்பைக் காட்டினார். "எண்பத்தொண்ணு தேர்தல் முடிவு வந்த அன்னிக்கு. சந்தோஷத்துலயா துக்கத்துலயான்னு கேக்காதீங்க." ஏழாவது வீட்டிலும் எட்டாவது வீட்டிலும் ஃபாவ்ர் சகோதரர்கள். இருபது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, நடுவில் ஒரு வேலி. இருவரும் தனித்தனியாக என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரே ஓட்டைக்கு உரிமை கொண்டாடினார்கள். "அவன் சுட்டா மாட்டையே அடிக்க முடியாது, சேவலை எங்க அடிப்பான்" என்றார் மூத்தவர். இளையவரும் அதையேதான் சொன்னார்.

பன்னிரண்டாவது வீடு மேயருடையது. மார்பில் இருந்தது அவருடையதாம். பதினாலு வயசில், தாத்தாவின் துப்பாக்கியால். ரவையும் தாத்தாவே உருக்கி ஊற்றியது. "யாருக்கும் தெரியாது ரெஜிஸ். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

ஒவ்வொருவரும் அதைத்தான் சொன்னார்கள். உங்ககிட்ட மட்டும்தான். அனிஸே ஐயா உசுரோட இருக்கற வரைக்கும் வெளிய விட்டுடாதீங்க, பாவம், அந்தக் கதைதான் அவருக்கு உசுரு. ஒவ்வொருவரும் மற்ற ஓட்டைகளெல்லாம் ஜெர்மன்காரன் போட்டது, தன்னுடையது மட்டும் திருட்டு ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மே எட்டாம் தேதி தலை குனிந்து நின்றார்களே, அது மரியாதை இல்லை. பயம். நான் நின்ற அதே மாதிரி.

பதினெட்டாவது வீட்டில் கூட்டிப் பார்த்தேன். அடைத்த ஓட்டை பதினாறு. ஒப்புக்கொண்டது இருபத்திரண்டு. சேவல் பத்தாது போலிருக்கிறது.

பாதர் செலஸ்தான் தன் வீட்டில் சேவல்மேல் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். காங்கோவிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது, இருபத்தாறு கோயில்களுக்கு ஒரே சாமியார். இவராவது சுட்டிருக்க மாட்டார் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். "பாதர், இந்தச் சேவலைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். போதைதான்.

அவர் கையை உயர்த்திவிட்டார். "வேணாம் ரெஜிஸ். நீங்களுமா? மூணு வருஷமா பாவசங்கீர்த்தனம்னு உக்காந்தா பாதிப் பேர் சொல்ற பாவம் இந்தச் சேவல்தான். எங்க ஊர்ல ஜனங்க கொலை, விபசாரம்னு ஏதாவது கொண்டு வருவாங்க."

கடைசி வீடு எங்களுடையது. லூபோவின் ஆட்கள் தோட்டத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒதில் அவர்களுக்கு உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட அடையை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சமையலறை மேசையில் சேவல். எதிரே மாமனார். இரண்டு கோப்பையில் பிளம் சாராயம் ஊற்றினார்.

"உக்காரு, மாப்பிள்ளை."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

சட்டைப் பையிலிருந்து அந்த ரவையை எடுத்து மேசைமேல் வைத்தார். வாலைத் தொட்டார். "இது மூணும் உன்னோடது."

நான் நாற்காலியை எட்டிப் பிடித்து உட்கார்ந்தேன்.

"கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன். முயலுக்குக் கண்ணி வச்சுக்கிட்டு. உன்கிட்ட வேட்டையாடிக் கொண்டான்னு சொல்லிட்டேன், ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா நம்பிக்கை வரல. வீட்டுல எல்லாரும் பட்டினி கிடக்கணுமா? அப்பதான் நீ வந்து சுவர் மேல உக்காந்த. ரொம்ப நேரம் மேலயே பாத்துக்கிட்டிருந்த. ஜெபம் பண்றான் போல, நல்ல பையன்னு நினைச்சேன். டம்முனு சுட்டியே."

"அந்த முயல் குழம்பு..." என்றேன்.

"அதான்."

கோப்பையைக் குடித்தார். நானும் குடித்தேன்.

"அப்ப ஜெர்மன்காரன்?"

"வந்தான். நிஜமாத்தான் வந்தான். சேவலை நிமிந்துகூடப் பாக்கல. முட்டை கேட்டான். அம்மா ஆறு குடுத்தாங்க." கோப்பைகளை மறுபடி நிரப்பினார். "எண்பத்து மூணுல கூரைக்காரன் ஓட்டைன்னு கத்தினானே, அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்தேன். மெழுகுவத்தி மாதிரி வெளுத்துப் போச்சு. ஒதில் வயித்துல புள்ளை. அந்தத் தெனி வேற, எவன் சுட்டான்னு விசாரிக்கறேன்னு தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். வாயில வந்ததைச் சொன்னேன். நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு பாத்தா, பலகை வச்சுட்டாங்க."

நாற்பது வருடம். நான் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் எனக்காகத் திறந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாராயம் பாதி, மற்றது பாதி.

"சரி, அந்த ஆளு முன்னாடி ஏன் இந்த மூணைக் காட்டினீங்க? வேற எதையாவது காட்டியிருக்கலாமே?"

அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மத்தது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாட்சின்னா பாத்ததைத்தானே சொல்லணும்."

23 செப்டம்பர், திங்கள்

சேவல் ஏறிவிட்டது. அதன் காலடியில் இருக்கும் செப்பு உருண்டைக்குள், வழக்கப்படி, வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல், இன்றைய செய்தித்தாள், மேயரின் கடிதம். மூடுவதற்கு முன் நான் ஜாம் பாட்டிலை நீட்டினேன். "பலவகைச் சிறு உலோகப் பொருள்கள்" என்றேன். செவ்ரின் சிரிக்காமல் வாங்கி வைத்தாள். மாமனார் பையிலிருந்த ஒன்றை மட்டும் தரவில்லை.

காற்று வந்தது. சேவல் ஒரு சுற்றுச் சுற்றி மேற்கே பார்த்து நின்றது. வாலில் மூன்று புள்ளி வெளிச்சம். என் கண் இப்போது அவ்வளவு நன்றாக இல்லை, ஆனாலும் தெரிந்தது.

17 நவம்பர்

மழை. ஒழுகவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது.

8 மே 2025, வியாழன்

காலையில் மாமனார் தடியை என்னிடம் நீட்டினார். "மூச்சு வாங்குது. இந்த வருஷம் நீ சொல்லு."

கொடியை ஒதில் பிடித்துக்கொண்டாள். மாமனாருக்கு முன்வரிசையில் நாற்காலி. புதுச் சாந்து பூசிய சுவர் வெயிலில் உலர்ந்து நின்றது. மேயர், தெனி, மதாம் போனே, ஆளுக்கு ஒரு மூலையில் ஃபாவ்ர் சகோதரர்கள், பாதர் செலஸ்தான் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். குனிந்த தலைகளுக்குக் கீழே இருபத்திரண்டு ஓட்டைகள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் பாதருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். முட்டை கேட்டார்கள், ஆறு கொடுத்தோம், அவ்வளவுதான் என்று. தடியை உயர்த்தி வாலைக் காட்டினேன். முன்வரிசையில் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அவருடைய கட்டைவிரல் சட்டைப் பைக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

"1944 ஜூன் மாதம்" என்று ஆரம்பித்தேன். "அதோ அந்த ரோட்டு வழியா வந்தாங்க. ஆறு டாங்கி."

மாமனார் கண்ணைத் திறக்காமலே, ஊருக்கே கேட்கும்படி திருத்தினார்.

"ஏழு."